கடைசிக் கழனிக்கு முதல் மூட்டை

இன்று காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்த பேருந்தில், என் காலடியில் யாரோ ஒரு யூரியா மூட்டையைப் போட்டிருந்தார்கள். மழையில் நனைந்து ஒரு மூலை கிழிந்திருந்தது. இப்போதெல்லாம் யூரியா வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்தக் கசப்பும் அதற்கடியில் மூத்திர நெடி போன்ற காரமும் சேர்ந்து மூக்கில் ஏறின. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். நடத்துநர் படியில் நின்றபடி, "இன்னாம்மா, மாசமா கீறியா?" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் மறக்காத பதில் கிடைத்திருக்கும். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஏறி, அதே இருக்கையில் உட்கார்ந்தேன்.

எனக்கு அந்த வாசனை தனியாக வருவதில்லை. உன் ரத்தத்தோடு சேர்ந்தே வருகிறது. வெள்ளைக் குருணை ரத்தத்தில் கரைவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிட மாட்டார்கள். விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடும் என்பதற்காக அப்படி ஒரு முறை. ஊரில் சமணக் குடும்பங்கள் கொஞ்சம்தான். சண்டை, வழக்கு எதிலும் அவர்கள் பெயர் வந்ததில்லை. அந்த வீட்டில் பிறந்த நீ, கல்லூரிக்குப் போகும் பேருந்தில் என் இடுப்பைத் தொட்டவனைச் செருப்பால் அடித்து மூக்கை உடைத்தாய். அவன் சட்டையெல்லாம் சிவப்பானது. நீ செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு சொன்னாய்: "எங்க வீட்ல எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்கடி. அத்தினி பேரோட கோவமும் எனக்கு ஒருத்திக்கே வந்துடுச்சி."

ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனபோது, அமைதியான குடும்பத்துப் பெண், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்து உன்னை நிறுத்தினார்கள். ஜெயித்த பிறகுதான் அவர்களுக்கு உன்னைத் தெரிந்தது.

அந்த ஐப்பசியில் சம்பா நடவு முடிந்து மேலுரம் போடவேண்டிய நேரம். எங்கோ கடலில் கப்பல்கள் மேல் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்தன. செங்கடல் வழியாக வரவேண்டிய சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துப் பெரிய நாடு தன் உரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. நம் ஊர்ப் பயிர் மஞ்சளாகத் தொடங்கியது. டீக்கடையில் கோவிந்தண்ணன் உன்னைப் பிடித்துக்கொண்டார். ஏரிப் பாசனத்தின் கடைசியில் கழனி வைத்திருப்பவர்.

"எவனோ கடல்ல எவன் மேலயோ குண்டு போடுறான். என் பயிர் இன்னாத்துக்கு மஞ்சளாவணும் பிரசிடென்ட்டம்மா?"

"உன் பயிரோட சோறு கப்பல்ல வருதுண்ணா. கப்பல்காரன் ஊரைச் சுத்திக்கினு வர்றான்."

"சுத்தறதுதான் சுத்தறான், நம்ம மலையச் சுத்தச் சொல்லு. புண்ணியமாவது கெடைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நம் ஊரில் அப்படி எல்லோரும் சேர்ந்து சிரித்து நான் கேட்கவில்லை.

கல்லூரி நூலகத்தில் வேலை செய்வதால் எனக்குப் படிக்கப் பஞ்சமில்லை. வல்லரசுகளின் போட்டியில் இனி சரக்கும் ஓர் ஆயுதம், ஒரே கடைக்காரனை நம்பியிருக்கும் நாடு அவன் முகத்தைப் பார்த்தே வாழவேண்டும், நாலைந்து நாடுகளோடு ஒப்பந்தம், உள்ளூரில் ஆலை, கெட்ட வருஷத்துக்கென்று இருப்பு என்று ஒரு கட்டுரையில் படித்ததை உன்னிடம் ஒப்பித்தேன். முழுதும் கேட்டாய்.

"எல்லாம் சரிடி. உன் கட்டுரையில கியூ எங்க கீது?"

"கியூவா?"

"கடைசியில நிக்கிறவன் நம்ம மொறை வரும்னு நம்புற வரைக்குந்தான் கிடங்குக்குப் பூட்டு. அவன் நம்பலன்னா நீ எத்தினி மூட்டை அடுக்கினாலும் கம்மிதான். ஒரே ஆள் உத்தரவு போடுற நாடுன்னா துப்பாக்கிய நிறுத்துவான். நம்மூர்ல இன்னாத்த நிறுத்துவ?"

ஏரி நிரம்பாத வருஷங்களில் நம் ஊரில் தண்ணீர் முதலில் கடைசிக் கழனிக்குத்தான் போகும். மதகை ஒட்டிய கழனிக்காரர்கள் தங்கள் வரப்போரம் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவேண்டும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் எவ்வளவு நல்ல வழக்கம் என்பார்கள். அது ஒரு கொலையில் பிறந்த வழக்கம் என்று நமக்குத் தெரியும். நம் தாத்தாக்கள் காலத்தில் மதகில் ஒருவன் கழுத்தில் மண்வெட்டி இறங்கியது. செத்தவன் மச்சான், வெட்டியவன் வீட்டு வைக்கோல் போரையும் மாட்டையும் சேர்த்துக் கொளுத்தினான். அதற்குப் பிறகுதான் ஊர் கூடி இந்த முறையை வைத்தது. கடைசி ஆளுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டால் மற்றவர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்ற கணக்கு.

கிராம சபையில் நீ அதையே உரத்துக்கும் வைத்தாய். கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும் மூட்டை முதலில் கடைசிக் கழனிக்கு. சங்கம் உன் அதிகாரத்தில் இல்லை. ஆனாலும் கூட்டத்துக்குப் பயந்திருந்த செயலாளர், ஊர் முடிவு செய்தால் தனக்குச் சம்மதம் என்றார். எதிர்த்து எழுந்தவன் என் அண்ணன். எங்கள் கழனி மதகை ஒட்டியது.

"மதகாண்ட கழனி வெச்சது எங்க குத்தமா?"

"இல்லண்ணா. உனக்கு மொதல்ல குடுத்தா அவங்களுக்கு வரும்னு யாரால சொல்ல முடியும்? அவங்களுக்குக் குடுத்துட்டா உனக்கு வரலன்னு நீ எம் மேல ஏறி மிதிக்கலாம். நான் எங்கயும் ஓடமாட்டேன்."

கைகள் உயர்ந்தன. அண்ணன் தோற்றான். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தான்.

லாரி வந்த நாள் பௌர்ணமி. சுற்றுவட்டாரத்துப் போலீஸ் முழுவதும் கிரிவலக் காவலுக்குப் போயிருந்தது. பேருந்துகளும் அந்தப் பக்கமே திரும்பிவிட்டதால் நான் வேலைக்குப் போகாமல் ஊரில் இருந்தேன். இன்றைக்கே எடுத்துக்கொள்கிறீர்களா, வேறு சங்கத்துக்கு அனுப்பவா என்று உரக் கிடங்கிலிருந்து செயலாளருக்குப் போன். அவர் தயங்கினார். நீ எடுத்துக்கொள்ளச் சொன்னாய். உன்மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது ஒன்றுதான். ஒரு வாரம் மஞ்சளாகவே இருந்திருக்கலாம் பயிர். நீ இருந்திருப்பாய்.

தார்ப்பாயை அவிழ்த்தபோது லாரியில் பாதிதான் இருந்தது. மீதி பிறகு வருமாம். செயலாளரின் முகம் வெளுத்தது. "சொல்லாதீங்கம்மா. நம்ம பாட்டுக்குக் குடுக்க ஆரம்பிப்போம். நேரமானா பாதி பேரு போயிடுவாங்க."

"காலையிலேர்ந்து வெயில்ல நிக்கிறாங்க சார். முன்னாடியே தெரியணும் அவங்களுக்கு."

சங்கத்துப் படியில் ஏறி ஒலிபெருக்கியில் சொன்னாய்: வந்தது பாதி. கடைசிக் கழனிகளுக்கு இன்று. மதகுப் பக்கத்துக்காரர்களுக்கு அடுத்த லாரியில். அடுத்த லாரி எப்போது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் சொல்கிறேன்.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "மீதிய எவன் வீட்ல எறக்கின?"

"வா, வந்து என் வூட்டத் தேடு" என்றாய். வாக்கியம் முடியவில்லை. கல் உன் காதுக்கு மேலே பட்டது. தேங்காய் உடைப்பது போன்ற சத்தம் அந்த ஒலிபெருக்கியிலேயே கேட்டது. நீ மைக்கோடு சரிந்தாய். உன்னைத் தாண்டி, பிறகு உன் மேலேயே, அவர்கள் ஏறினார்கள். இரும்புக் கதவை நெம்பினார்கள். மூட்டைக்கு இருவர் மூவராக இழுத்தார்கள். கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களின் மூட்டையை அரிவாளால் கிழித்தார்கள். செயலாளரின் பல் உடைந்தது. கோவிந்தண்ணன் ஒருவன் முதுகில் தொங்கிக்கொண்டு அவன் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த முகங்கள் எல்லாம். கல்யாணத்தில் பந்தி பரிமாறிய கைகள். உன்னிடம் வர நானும் கையில் கிடைத்ததையெல்லாம் பிறாண்டினேன். என் நகத்தில் யாருடைய தோலோ இருந்தது.

உரம் ஏற்ற வந்த குட்டியானை வண்டியில் உன்னைத் தூக்கிப் போட்டோம். பின்னால் தகரத்தில் உட்கார்ந்து உன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நகரத்து எல்லையில் சாலை மறைந்துவிட்டது. தலைகள்தான் தெரிந்தன. மலையைச் சுற்ற வந்த ஜனம். ஓட்டியவர் ஹாரனை அழுத்திக்கொண்டே அழுதார். அப்போது ஈரத்துண்டு கட்டிய ஒரு மனிதர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். உடனே திரும்பி, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்து இழுத்து, "வழி, வழி" என்று கத்தினார். அந்தக் கை இன்னொரு கையைப் பிடித்தது. யாரும் உத்தரவு போடவில்லை. ஜனம் இரண்டாகப் பிளந்தது. வண்டி ஓடுமளவுக்கு ஒரு பாதை, கைகோர்த்த இரண்டு வரிசைகளுக்கு நடுவே, ஆஸ்பத்திரித் திருப்பம் வரைக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன் உன்னை மிதித்ததும் ஜனம்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவளுக்கு எந்தக் கட்டுரையும் ஒன்றும் சொல்லித்தர முடியாது.

என் விரலைப் பிடித்திருந்தாய். ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்பே விட்டுவிட்டாய். பொழுது சாய்ந்திருந்தது. காலையிலிருந்து நீ சாப்பிடாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சிலரைப் பிடித்தார்கள். ஜாமீனில் வந்துவிட்டார்கள். கல்லை எறிந்தது யாரென்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்கள் சொல்லவில்லை. ஆனால் மண் சொல்லிவிட்டது. பத்துப் பதினைந்து நாளில், மூட்டை கிடைத்தவர்களின் கழனிகள் கருகருவென்று பச்சையாக எழுந்தன. கடைசிக் கழனிகள் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. பேருந்து ஜன்னலிலிருந்தே யார் யார் படியேறினார்கள் என்று எண்ணலாம். எங்கள் கழனி பச்சை.

அண்ணனை நான் கேட்கவில்லை. அவன் மூட்டையை எடுத்தான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அந்த நெல்லைத்தான் வருஷம் முழுக்கச் சாப்பிட்டோம். சில நாட்களில் தொண்டையில் இறங்கவில்லை, சில நாட்களில் பசித்தது, சாப்பிட்டேன்.

நீ சொன்னது சரியா என்று உன்னோடு இன்னும் சண்டை போடுகிறேன். கடைசி ஆளின் நம்பிக்கை மட்டும் போதாது. பூட்டும் வேண்டும், காவலும் வேண்டும், ஒரு வழி அடைபட்டால் வர இன்னொரு வழியும் வேண்டும். இருந்திருந்தால் அந்தப் பாதி லாரி முழு லாரியாக வந்திருக்கும். உண்மையைச் சொல்லிப் பழகிய ஊர், அதைத் தாங்குவதற்கான இருப்பையும் வைத்திருக்கவேண்டும். இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல ஆசை. நீ என்ன திட்டுவாய் என்பதுகூடத் தெரியும்.

அடுத்த பட்டத்துக்கு முன் துணைத் தலைவர் சபையைக் கூட்டினார். முறையை மாற்றிவிடலாமா என்பது பேச்சு. கோவிந்தண்ணன் எழுந்தார். "எங்களுக்கு மொதல்ல குடுக்கப் போயித்தான் அந்தப் பொண்ணு செத்துச்சி. எங்களுக்கு வேணாம்ப்பா. மொதக் கழனிக்காரனே வாரிக்கினு போவட்டும்." ஊரில் பேசவே பேசாதவள் என்று பெயரெடுத்த நான் எழுந்து, அவருக்கு வேண்டாம் என்றால் அதையும் கை தூக்கித்தான் முடிவு செய்யவேண்டும் என்றேன். தூக்கினார்கள். பழைய முறையே நின்றது, கொஞ்சம் கைகள் வித்தியாசத்தில். பங்கு பிரிக்கும்போது பக்கத்தில் நிற்க ஐந்து பேரைப் போட்டார்கள். என்னையும் போட்டார்கள்.

லாரி வந்தது. போலீஸ் வந்தது. சரக்கு இந்தத் தடவையும் கம்மிதான், ஆளுக்கு ஒன்றாகத்தான் வரும். செயலாளர் புதுப் பல்லோடு என்னைப் பார்த்தார். சொல்லவேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீ நின்ற படியில் ஏறிச் சொன்னேன். பின்னால் யாரோ காறித் துப்பினார்கள். ஒரு கை உயர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்த ஆள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

மூட்டை வாங்க ஒவ்வொருவரும் மெஷினில் கட்டைவிரல் வைக்கவேண்டும். மண்ணில் தேய்ந்த விரல்கள் லேசில் பதிவதில்லை. ஒவ்வொரு விரலையும் ஈரத்துணியால் துடைத்து, நானே பிடித்து அழுத்தினேன். கடைசிக் கழனியிலிருந்து மதகு வரைக்கும்.

அண்ணன் கடைசியில் வந்தான். மெஷினைப் பார்த்தபடி கேட்டான்.

"எனக்குக் கீதா?"

"கீதுண்ணா."

பதியவில்லை. துடைத்தேன். மறுபடி பதியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. அவன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

அன்று ஊரின் எல்லாக் கைகளையும் பிடித்தேன். அவற்றில் ஒன்று அந்தக் கல்லை எடுத்த கை. எதுவென்று தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி காய்த்துப்போய், ஒரே மாதிரி சூடாக இருந்தன. அந்தக் கைக்கும் அதன் பங்கைக் கொடுத்து அனுப்பினேன்.