கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சொல்

இன்று காலை சேத்தூரில் என்னை நிறுத்தியது மைதாப் பசையின் வாடை. ஓடைக்கரைத் தெருவின் முதல் வீட்டுச் சுவரில் ஓர் அரசு அறிவிப்பை அப்போதுதான் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தாளின் ஓரத்தில் பசை வழிந்துகொண்டிருந்தது. நான் வேறு வேலையாகத் தேவதானம் போய்க்கொண்டிருந்தவன். நீ இருந்திருந்தால், நான் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே பின் சீட்டிலிருந்து முதுகில் தட்டியிருப்பாய்.

ஒரே பத்திரிகைக்கு நாம் இரண்டு நிருபர்கள். எனக்கு ராஜபாளையமும் சுற்றுப்பட்டும், உனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம். வண்டி மட்டும் என்னுடையது. உன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அதை வைத்தே என்னைச் சீண்டுவாய். "உனக்குத் தமிழ் வீட்டுச் சாப்பாடுலே, மெல்லாம முழுங்கிருவ. நான் மென்னுதான் திங்கணும்."

மென்றுதான் தின்றாய். அரசாங்கத் தாளில் நீளமாக ஒரு சொல் வந்தால் முருங்கைக்காயை ஒடிப்பதுபோல் ஒடித்துப் பார்ப்பாய். ஒரு முறை நகராட்சி மன்றத் தீர்மானம் ஒன்றில் 'பின்னேற்பு' என்று வந்தது. நான் அகராதி தேடினேன். நீ டீயை உறிஞ்சிக்கொண்டே, "பின்னாடி ஏத்துக்கிறது. வேலையை முடிச்சிருவானுவ, பொறவு அனுமதி குடுப்பானுவ. என் கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்தது பின்னேற்புதான்" என்றாய். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பாலாடை வடிகட்டிக்கு வெளியே விழுந்தது.

ஒடித்தும் புரியாத சொல்லைக் கட்டைவிரலால் மூடுவாய். முன் வரியையும் பின் வரியையும் என்னை வாசிக்கச் சொல்வாய். மூடிய இடத்தில் என்ன இருந்தால் இந்த வரிகள் ஒன்றோடொன்று சேரும் என்று கேட்பாய். பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும்.

தேவதானத்தில் அன்று நீ மூடியது தெரியாத சொல்லை அல்ல. அதனால்தான் அந்த நாள் இன்னும் என்னை உறுத்துகிறது. நாம் போய்ச் சேர்ந்தபோது ஊர்க்கோடி வீடுகளில் ஆட்கள் தாங்களாகவே கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இடிக்கும் இயந்திரம் வந்தால் தகரம் நசுங்கிவிடும், நாமே கழற்றினால் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு. சுவரில் இருந்த அறிவிப்பில் கொட்டை எழுத்தில் 'புறம்போக்கு' என்று இருந்தது. அதற்குமேல் ஒருவரும் வாசிக்கவில்லை. நானும் போனை எடுத்துவிட்டேன், ஆபீசுக்குச் செய்தி சொல்ல.

"செத்த இரு" என்று நீ அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாய். "இப்ப மீதியை வாசி."

மீதியில் 'வரன்முறைப்படுத்துதல்' என்று இருந்தது. "உள்ள முறை இருக்கு. கடைசில படுத்துதல். சுத்தப்படுத்து, பலப்படுத்துன்னா என்ன? அப்படி ஆக்கு. முறைக்குக் கொண்டு வரப் போறாங்கலே" என்றாய். பிறகு கீழ் வரிக்குப் போனாய். வீட்டு வரி ரசீதும் மின்கட்டண ரசீதும் கொண்டுவரச் சொல்லியிருந்தது. "இடிக்கப் போறவன் எதுக்குக் கரண்டு பில்லக் கேக்கான்?"

கூரைமேல் நின்றிருந்த குருசாமி அண்ணன் கையில் பிடித்த தகரத்தோடு, "அப்ப இத மாட்டவா, கழட்டவா? சட்டுனு சொல்லுங்க அண்ணாச்சி, கை வலிக்கி" என்றார்.

மாட்டச் சொன்னாய். பிறகு அந்த வீடுகளுக்குப் பட்டா வந்தது. தெரியாத சொல் நம்மை நிற்க வைக்கும், தெரிந்த சொல்தான் இழுத்துக்கொண்டு ஓடும் என்று திரும்பும் வழியில் என் காதுக்குள் கத்திக்கொண்டே வந்தாய். காற்றில் பாதிதான் கேட்டது.

உன் வழி ஒரே ஒரு முறை என்னைக் கைவிட்டது. ராஜபாளையம் பழைய பேருந்து நிலையச் சுவரில் உன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. இதே பசை, இதே வாடை. உன் பெயரின்மேல் கட்டைவிரலை வைத்துவிட்டு மீதியை வாசித்தேன். அன்னார், இயற்கை எய்தினார், இறுதி ஊர்வலம். அந்த இடத்தில் எவன் பெயரும் பொருந்தும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் மூடுவதற்கு முன்பே நான் அதை வாசித்துவிட்டேனே. அப்போதுதான் தெரிந்தது, இது ஒருவன் செய்யும் வேலை இல்லை. மூட ஒருவர், வாசிக்க ஒருவர் வேண்டும். அதற்குப் பிறகு எந்தத் தாளை எடுத்தாலும் இரண்டு முறை வாசிக்கிறேன். இரண்டு முறையும் நானேதான் வாசிக்கிறேன்.

சேத்தூர் சுவருக்கு முன்னால் மாரியம்மாள் நின்றிருந்தாள். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவள். அவள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தச் சுவர் அவள் வீட்டுச் சுவர். 'அகற்றப்படும்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசித்துச் சொல்லவா என்று கேட்டேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியும் சார். அதான் பயமா இருக்கு."

என் விரலை வைத்தேன். பயனில்லை. நானும் அதைப் பார்த்துவிட்டேன். பசை ஒட்டியதுதான் மிச்சம். "நீ மூடும்மா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலை வைத்தாள். "இப்ப வாசிங்க."

உரிய விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலமாக அளிக்க வேண்டும். தவறும்பட்சத்தில், என்று நிறுத்தினேன்.

"தவறும்பட்சத்திலன்னா?"

"தவறினா."

"அப்ப நான் தவறலன்னா?" அவள் விரலை எடுக்கவில்லை.

எழுதிக் கொடுத்தால் கேட்பார்கள் என்றேன். கேட்டுவிட்டும் இடிக்கலாம் என்பதையும் சொன்னேன். இது ஓடைக்கரை, தேவதானம்போல் பட்டா கொடுத்துவிடுகிற இடம் இல்லை. அதைச் சொல்லாமல் வந்திருந்தால் உன்னோடு பேச எனக்கு வாய் இருந்திருக்காது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எழுதிருதேன். நீங்க வந்து பாருங்க. எழுதும்போது என்ன விட்டேன்னு எனக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவள் எழுதப்போவதில் எந்தச் சொல் என்னை இழுத்துக்கொண்டு ஓடும் என்று இப்போதே கிடந்து அடித்துக்கொள்கிறேன். தேவதானம் போன வேலையும் ஆகவில்லை. திரும்பும்போது செட்டியார்பட்டி வரை மூன்று சுவர்களில் வண்டியை நிறுத்தினேன். ஒன்று கோயில் கொடை நோட்டீஸ், ஒன்று காதுகுத்து, இன்னொன்று பழைய தாள், பாதி கிழிந்தது. ஒவ்வொன்றையும் முழுதாக வாசித்தேன். கிளம்பும்போது ஒவ்வொரு முறையும், நீ ஏறிவிட்டாயா என்று பார்க்கிறவன்போல் செத்த நேரம் காலை ஊன்றியே நின்றேன்.