குளக்கரை முடிச்சுகள்

மடம் கிராமம், திருத்தணி
1945, ஆனி மாதம்

பூனா பட்டாள ஆஸ்பத்திரியில் இருக்கும் என் பாவாவுக்கு, உங்கள் மனைவி வரலட்சுமி வணங்கி எழுதுவது.

இங்கே நானும், என் மாமனாரான உங்கள் நைனாவும் சுகம். இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் பக்கத்துக் கட்டில் கோதண்டம் அண்ணனுக்கும் என் வணக்கம். அண்ணா, நான் கோபமாக எழுதியிருக்கும் இடத்தைக் கோபமாகவே படியுங்கள்.

பாவா, பர்மாவில் குண்டு வெடித்துப் போன பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீங்கள் ஊருக்கு வரப்போவதில்லையாம். நான் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். அழுது தீர்த்தேன். பிறகுதான் கோபம் வந்தது. வந்து எதைப் பார்க்கப்போகிறேன் என்று கேட்டிருந்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

வெள்ளிக்கிழமை காலை கண்ணை இறுக மூடிக்கொண்டு, கரையோர மடங்களின் சுவரைத் தடவியபடியே நம் குளத்தைச் சுற்றி நடந்தேன். பூக்கடைப் பூவம்மாள், “என்னாடி, சாமி வந்துட்சா உனக்கு?” என்று கேட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் வாணியர் மடம். இத்தனை வருஷத்து வெயில் பட்டும் அந்தச் சுண்ணாம்புச் சுவர் உரித்த முட்டை மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. கையை எடுக்கவே மனசு வரவில்லை. பூசின கொத்தனார் எந்த ஊர்க்காரரோ, அவர் குலம் நன்றாக இருக்கட்டும். அதைத் தாண்டினால் தெலுங்குக்காரர்கள் மடம். சித்தூர்ப் பக்கத்துக் காட்டு மரத்தில் கடைந்த தூண்கள். ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்தில் ஒரு கிளி. விரலுக்கு மூக்கு தனியாக, இறகு தனியாகத் தெரிகிறது. தினமும் குடத்தோடு அந்த வழியே போகிறவள் நான். அங்கே கிளி இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

அப்புறம் குளத்துக்குள் இறங்கும் கல்மண்டபம். உள்ளே நின்று முருகா என்றேன். குரல் மேலே போய்ச் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது. கட்டினவர்கள் பெரிய மனசுக்காரர்கள், பாவா. எந்த ஊரிலிருந்து யார் காவடி தூக்கி வந்தாலும் தலைசாய்க்க ஒரு கூடமும் குளிக்க ஒரு படித்துறையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரு தப்பும் செய்தேன். நம் நெசவாளர் மடம் என்று நினைத்து அதற்கு முந்தின மடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டேன். அங்கே சமைக்கிற வேடியப்பன், “கண்ண மூடிகினு வந்தா எல்லா மடமும் உன்னுதுதாம்மா” என்று மோர் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் உங்கள் நைனாவிடம் சொன்னேன். மனுஷர் தறியை நிறுத்தினார். “காவடி எடுக்கிறவன் கண்ணத் தொறந்துகினா மலை ஏறுறான்? முன்னாடி ஒரு ஆளு கூட்டிகினுதான போவுது?” என்றார். உண்மைதானே. பட்டாளத்துக்குப் போகிறதுக்கு முன் நீங்கள் கடைசியாகக் காவடி எடுத்தபோது, ஆவேசத்தில் கண்ணை மூடித்தான் ஏறினீர்கள். முன்னால் போனது உங்கள் நைனா. இந்த ஆடிக் கிருத்திகைக்கு உங்கள் முன்னால் நான் போகிறேன்.

இதோடு ஒரு துணித்துண்டு வைத்திருக்கிறேன். கோதண்டம் அண்ணா, படிப்பதைச் சற்று நிறுத்தி அதை அவர் கையில் கொடுங்கள்.

பாவா, அதில் சுற்றிலும் ஓடுகிற தடித்த நூல் நம் குளக்கரை. ஒவ்வொரு முடிச்சும் ஒரு மடம். இரட்டை முடிச்சு கல்மண்டபம். விரலை எடுக்காமல் சுற்றி வாருங்கள். கடைசி முடிச்சு நம் மடத்து வாசல். அங்கே நூல் கொஞ்சம் நீளமாகத் தொங்கும். அதன் மிச்சத்தை என் மணிக்கட்டில் கட்டியிருக்கிறேன்.

தணிகை முருகன் உங்களைப் பத்திரமாக வண்டி ஏற்றட்டும். எந்த நாள் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள், ஸ்டேஷனில் நிற்பேன். இறங்கினதும் கையை நீட்டுங்கள். நூல் கட்டிய கைதான் என் கை.

உங்கள்
வரலட்சுமி