எப்போதும் நாலு டிகிரி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத் திங்கட்கிழமை திரையிலேயே பார்த்துவிட்டேன்.

எங்கள் முதலீட்டு அலுவலகத்தில் வாரா வாரம் புதிய விண்ணப்பங்களைத் திரையில் ஓடவிட்டுப் பேசுவோம். ஏழாவதாக ஒன்று வந்தது. மருந்துக்கடைக் குளிர்பெட்டிக்குள் வைக்கிற சின்னப் பெட்டி. உள்ளே எத்தனை டிகிரி என்று கடைக்காரரின் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம், சூடேறினால் சிவப்பு காட்டிக் கத்துமாம். கீழே நிறுவனரின் படம். சட்டை நான் வாங்கிக் கொடுத்தது. எனக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

எழுந்து நின்று, "இவன் என் தம்பி. இந்த ஃபைலை நான் தொடமாட்டேன்" என்றேன். அதைக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். மூக்கு நுனியில் கண்ணாடி வைத்துக்கொண்டு ஆளை மேலும் கீழும் பார்ப்பாரே, அவர்தான். எங்கள் கூட்டத்தில் அவருக்கு நிகர் அவர்தான்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் அனுப்பினாய்? எங்கள் பிழைப்பு உனக்குத் தெரியாததா? ஒன்றரை வயதுக் கம்பெனியில் பார்ப்பதற்கு லாபமா இருக்கும், ஆளைத்தான் பார்ப்போம். சொன்னதைச் சரிபார்ப்போம், சொல்லாமல் விட்டதைத் தேடிப் போவோம். பேசச் சொல்லி நீங்கள் கொடுக்கும் வாடிக்கையாளரிடம் மரியாதைக்கு இரண்டு நிமிஷம், கொடுக்காத வாடிக்கையாளரிடம் இரண்டு மணி நேரம். சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான். சொல்லாமல் அனுப்பியவனைப் பற்றி என்ன நினைப்பேன் என்று யோசித்தாயா?

இனி போன் வேண்டாம், பேச்சு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. அலுவலக விதிப்படி, முடிவு தெரியும்வரை கம்பெனி விஷயமாக உன்னுடன் எனக்கு எந்தப் பேச்சும் கூடாது. இந்தக் கடிதத்துக்கு ஒரு பதில் போடு, படிக்கிறேன். அதற்குப் பிறகு வீட்டுச் செய்தியை அஞ்சலட்டையில் எழுது, யார் படித்தாலும் பாதகமில்லை. ஒட்டிய கவர் வந்தால் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவேன்.

உன்
அக்கா


பிப்ரவரி 10

இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு,

கோபத்தோடு வந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்தது சந்தோஷம்.

சொல்லாததற்குக் காரணம் நீதான். சொல்லியிருந்தால் 'அக்கா தயவில் வந்தவன்' என்பார்கள். அதைவிட, நீயே என் பெட்டியைக் குடைய ஆரம்பித்திருப்பாய். நான் முதல் மார்க் வாங்கி வந்தபோது, "யாரைப் பாத்து எழுதின?" என்று கேட்டவள் நீ. அது இன்னும் ஆறவில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம். முதல் சந்திப்பில் உங்கள் கண்ணாடிக்காரர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "உங்க முதல் கம்பெனிய ஏன் மூடினீங்க?" என்று கேட்டார். அதைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு எழுத்து இல்லை. அவர் காதில் போட்டது யார்? கோபித்துக்கொள்ளாதே, தோன்றியதைக் கேட்டேன்.

முன்னூற்றுப் பன்னிரண்டு கடைகளில் எங்கள் பெட்டி இருக்கிறது. ஒரே அறையில் நானும் ஒன்பது பேரும் முட்டிக்கொண்டு வேலை பார்க்கிறோம். உங்கள் முதலீடு வந்தால் இது கம்பெனி. வராவிட்டால் மார்ச் கடைசியில் ஒன்பது பேரும் ஒவ்வொரு பக்கம். மார்ச் 17 கடைசிக் கூட்டம்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

தம்பி


பிப்ரவரி 16 (அஞ்சலட்டை)

தம்பிக்கு, மூடிய கம்பெனிகளின் பட்டியல் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் யார் காதிலும் எதையும் போடவில்லை. இதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மா சுகம். இன்சுலினை இப்போது முனையில் இருக்கும் மருந்துக்கடையில் வாங்குகிறோம். ஏன் அந்தக் கடை என்று நீயே கண்டுபிடி. பெருமையாகத்தான் இருக்கிறது, போ. அக்கா.


மார்ச் 2

அக்கா,

கவரைப் பிரிக்கமாட்டாயாம்! என் டைரிப் பூட்டை ஹேர்பின்னால் திறந்து படித்தவள் நீ. இதையும் வாசலிலேயே நின்று பிரித்திருப்பாய் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். எனக்கு வேறு ஆளில்லை.

எங்கள் பெட்டியில் ஒரு கோளாறு இருக்கிறது. கோளாறு என்று சொல்வதே பொய், நான் வைத்தது. முதல் வருஷம் ஓர் அரங்கில் பெட்டியை நாலு பேர் முன்னால் காட்டும்போது இணைப்பு அறுந்து திரை வெறுமையாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அன்றே உட்கார்ந்து நிரலில் ஒரு வரி எழுதினேன்: பெட்டியிலிருந்து செய்தி வராவிட்டால், கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிரு. அன்றைக்கு மட்டும் என்று நினைத்து எழுதியது. எடுக்க மறந்துபோனேன்.

பத்து நாளைக்கு முன்னால்தான் கண்ணில் பட்டது. பெட்டி செத்துப்போனாலும் போனில் பச்சைதான், நாலு டிகிரிதான். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு கடைகளில் பெட்டி பேசவே இல்லை. பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம், பழுதாகியிருக்கலாம், தெரியாது. இன்றைக்கு அந்த வரியை எடுத்தால் நாற்பத்தொரு பச்சையும் ஒரே நாளில் அணைந்துவிடும். உங்கள் ஆட்கள் தினமும் எங்கள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறைக்கப் போவதில்லை. 17ஆம் தேதி கூட்டத்தில், அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால், நானே சொல்லிவிடுவேன். ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அதுவரை காத்திருப்பது தப்பு, இப்போதே சொல் என்றால் ஒரு போன் போடு. போன் வராவிட்டால் சரி என்று சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன்.

பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி


மார்ச் 8 (அஞ்சலட்டை)

தம்பிக்கு, நீ அனுப்பிய கவர் வந்தது. சொன்னபடி இழுப்பறையில் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு வாரமாகச் சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது. ஊசி வேளை தவறாமல் போடுகிறேன். ஒளித்து எதையோ தின்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். அவள் குளிக்கப் போனபோது பீரோ, தலையணை உறை, தையல் டப்பா எல்லாவற்றையும் சோதித்தேன். ஒரு பிஸ்கட் தூள்கூடக் கிடைக்கவில்லை. பார்த்துவிட்டாள். "பெத்தவளையே சோதனை போடுறியா?" என்று இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா.


மார்ச் 18

அக்கா என்று கூப்பிட இன்றைக்கு மனம் வரவில்லை.

நேற்றுக் கூட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பே போய்விட்டேன். நீள மேஜை, ஐந்து பேர். வணக்கம் சொல்லி, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, சட்டைப்பையில் கைவிட்டேன். அதற்குள் கண்ணாடிக்காரர் எங்கள் பெட்டி ஒன்றை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். எந்தக் கடையிலிருந்து வாங்கி வந்தாரோ. பிளக்கை மாட்டினார். போனில் பச்சை வந்தது, குளிர்நீர்ப் பாட்டிலோடு ஒட்டி வைத்திருந்தார், அதனால் ஆறு டிகிரி. பிளக்கைப் பிடுங்கினார். பாட்டிலையும் எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். பிறகு, "டீ சாப்பிடலாமா?" என்றார்.

பத்து நிமிஷம் நிதானமாக டீ குடித்தார்கள். அப்புறம் போனை என் பக்கம் திருப்பினார். பச்சை. ஆறு.

"இதப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று தாளை எடுத்தேன். ஒருவர் சிரித்தார். ஐந்து பேரில் மூத்தவராக நடுவில் இருந்த பெரியவர் தாளைக் கையில் வாங்கக்கூட இல்லை. "எல்லாரும் சொல்லத்தான் தம்பி வராங்க" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். இன்னொருவர் யாரென்று நான் சொல்ல வேண்டுமா? பிரித்துப் படித்தாய். படித்துவிட்டு எனக்கு ஒரு போன் போடாமல் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய். ஊருக்கு நேர்மையானவள் என்று பேர் வாங்க வேண்டும், அதற்கு என் கவர்தான் கிடைத்ததா? இழுப்பறையில் இருக்கிறது என்று கார்டு வேறு! ஹேர்பின் காலத்திலிருந்து நீ மாறவே இல்லை.

ஒன்பது பேரிடம் நாளைக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

(கையெழுத்து இல்லை)


மார்ச் 23

தம்பிக்கு,

முடிவு வந்துவிட்டதால் உன் மார்ச் 18 கடிதத்தைப் பிரித்தேன். ஒரு தடவைதான் படித்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

கண்ணாடிக்காரரிடம் சொன்னது நான்தான். மறைக்கவில்லை. ஆனால் எங்கே தெரிந்துகொண்டேன் என்பதைக் கேள்.

14ஆம் தேதி இன்சுலின் வாங்கப் போனேன். கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மருந்து வெதுவெதுப்பாக இருந்தது. நானே குளிர்பெட்டிக்குள் கையை விட்டேன். உள்ளே விளக்கு எரிகிறது, குளிர் இல்லை. துணி பீரோவுக்குள் கைவிட்டது போல இருந்தது. "எத்தனை நாளா இப்படி?" என்றேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். "பாருங்கம்மா, நாலு டிகிரி. எப்பவும் நாலுதான். நல்ல பெட்டிம்மா, ஒரு நாள்கூட கத்தினதில்ல." உன் பெட்டியின் பிளக் கீழே கிடந்தது. அந்த இடத்தில் மின்விசிறியை மாட்டியிருந்தார்.

நம் அம்மாவுக்கு நான் கெட்டுப்போன மருந்தைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், வேளை தவறாமல். போட்டுவிட்டு அவள் தலையணை உறைக்குள் இனிப்பு தேடியிருக்கிறேன்.

அங்கிருந்து நேரே அலுவலகம் போனேன். "அக்காவாகச் சொல்லவில்லை, அந்தக் கடையில் மருந்து வாங்குகிறவளாகச் சொல்கிறேன், பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்" என்றேன். உனக்கும் ஏன் சொல்லவில்லை என்பாய். உண்மையைச் சொல்கிறேன்: உனக்குத் தெரிந்தே நடக்கிறது என்று சந்தேகப்பட்டேன். சொன்னால் கூட்டத்துக்கு முன்னால் ஒட்டுப்போட்டு மூடிவிடுவாய் என்று சந்தேகப்பட்டேன். தாள் சட்டைப்பையில் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். பிடிபட்ட ஒவ்வொருவனுக்கும் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்திருக்கிறது தம்பி. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

உன் மார்ச் 2 கவரை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ ஒட்டியது ஒட்டியபடி. எத்தனை தடவை கையில் எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஹேர்பின்காரிதானே. இன்றைக்குக்கூட எடுத்தேன். இப்போது பிரித்தால், அன்றைக்கே பிரித்துவிட்டு இன்றைக்கு நடிக்கிறேன் என்று ஆயுசுக்கும் நினைப்பாய். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே திருப்பி அனுப்புகிறேன். நான் சொல்வது உண்மை என்று நிரூபிக்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

அம்மாவுக்கு வேறு கடையில் வாங்கிப் போட ஆரம்பித்து, ஐந்தாம் நாள் சர்க்கரை இறங்கிவிட்டது. என் மேல் கோபம் மட்டும் இறங்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

கவர் வந்தது.

முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். ஆவி காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டினால் தாள் சுருங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதையும் பார்த்தேன். போதாதென்று அதே பசையில் இன்னொரு கவரை ஒட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பத்து நிமிஷம். உன் உடன்பிறப்புத்தான், வேறென்ன.

நீ பிரிக்கவில்லை. அது தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோபப்பட இனி யாருமில்லை என்றானதும் அந்த மார்ச் 8 கார்டு ஞாபகம் வந்தது. சர்க்கரை இறங்கவில்லை, ஊசி வேளை தவறாமல் போடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தேன் அக்கா. முனையிலிருக்கும் கடை எந்தக் கடை என்றும் எனக்குத் தெரியும். நாற்பத்தொரு கடையின் பட்டியல் அன்றைக்கு என் மேஜை மேலேயே இருந்தது. நீ தையல் டப்பாவைச் சோதித்த கதையைப் படித்துச் சிரித்துவிட்டு, கார்டை அந்தப் பட்டியலின் மேலேயே வைத்தேன். உறைக்கவில்லை. உங்கள் ஐந்து பேரிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்றே இருந்தேன். கடைக்காரர்களிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பெரியவர் தாளை வாங்காமல் விட்டது சரிதான். அந்தத் தாளில் மருந்து வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒன்பது பேரில் ஆறு பேர் போய்விட்டார்கள். மற்ற மூன்று பேரும் நானும் பிரித்துக்கொண்டு நாற்பத்தொரு கடைக்கும் நேரில் போனோம். பதினான்கு குளிர்பெட்டிகளில் குளிர் இல்லை. மருந்தையெல்லாம் எடுத்துக் கொட்டச் சொன்னோம். ஒருவர் என் பெட்டியை ரோட்டில் வீசினார், பொறுக்கிக்கொண்டு வந்தேன். முனைக்கடைக்காரர் மட்டும், "எப்பவும் நாலுதானே காட்டுச்சு, அப்புறம் எப்படிங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த வரியை எடுத்துவிட்டேன். இனி பிளக்கைப் பிடுங்கினால் கத்தும், காது கிழிய.

கண்ணாடிக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முதலீடு இல்லை என்று நாலு வரி. உன் பெயர் அதில் இல்லை.

அம்மாவிடம் நானே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவளுடைய கோபம் உன் மேல் இருக்க வேண்டியதில்லை, உரிய ஆளிடமே வரட்டும்.

நான் நல்லவன் என்று சொல்வதற்காக இதை அனுப்பவில்லை. மார்ச் 2ஆம் தேதி எனக்கு எது தெரிந்திருந்தது, எது தெரியாமல் போனது, இரண்டும் அதில் இருக்கிறது. நீ சந்தேகப்பட்டதில் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி என்று நீயே பார்த்துக்கொள்.

அந்தக் கவரை மறுபடியும் இத்துடன் வைத்திருக்கிறேன். நானும் பிரிக்கவில்லை.

ஹேர்பின் வேண்டாம். கையாலேயே கிழி.

உன்
தம்பி