ஓட்டையில் ஒட்டிய பிளாஸ்டர்

2007 ஆவணி, வெள்ளி இரவு.

இன்றைக்குத் தேவனின் மண்டையை உடைத்துவிட்டேன். என் புருசனின் தம்பி அவன். விறகுக் கட்டையால் அடித்தேன். சட்டையெல்லாம் இரத்தம்.

கிபிர் விமானம் போட்ட குண்டில் செத்துப்போன அவரின் குரல் ஒரே ஒரு கசற்றில்தான் இருந்தது. பாடி, என்னைப் பகிடி பண்ணி, அவரே பதிந்தது. அதை அழித்து மேலே ஒருவரும் பாட்டு அடிக்கக்கூடாது என்று, திரும்பப் பதிய முடியாதபடி கசற்றின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லையும் உடைத்து வைத்தவர். தேவன் பல் போன அந்த ஓட்டையைப் பிளாஸ்டர் ஒட்டி மூடி, சிநேகிதனிடம் கொண்டுபோய்ப் புதுப்படப் பாட்டு அடித்து வந்திருக்கிறான்.

"புதுக் கசற் வாங்கினால் என்னடா?" என்றேன்.

"பாட்டுக்கு ஆர் அண்ணி காசு குடுக்கிறது? எல்லாரும் பழசுக்கு மேலதானே அடிக்கினம். பேர் எழுதாமக் கிடந்தது, அதுதான்..."

அதோடு கட்டையைத் தூக்கினேன். இருவரையும் பெற்ற மாமி ஓடிவந்து, "ஒண்டைக் குடுத்திட்டன், மற்றதையும் கொல்லப்போறியோடி?" என்று என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்கத் தேவனுக்கு இன்னொரு அடி போட்டேன்.

தையல் போட்டு வந்தவன் முற்றத்தில் நின்றபடி, "அண்ணி, கசற் முடியுமட்டும் பாட்டு வரேல்லை. கடைசியில கேட்டுப் பாருங்கோ" என்றான்.

இப்போதுதான் கேட்டேன். பாட்டு முடிய அவரின் இருமல். பிறகு, "எடியே, பற்றரி முடியப்போகுது, நிப்பாட்டு" என்று ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் மிச்சம்.

பிளாஸ்டரை உரித்து எறிந்தேன். தேவனைப் போய்ப் பார்க்கவில்லை. கசற்றைத் திரும்பவும் தொட்டால் திரும்பவும் அடிப்பேன்.

கதவுக்கு அங்கால் மாமியின் குரல் கேட்கிறது.

"அவன்ர சிரிப்பை இன்னொருக்காப் போடு, பிள்ளை."