கருவேலங்கரை ஆட்டத்து மட்டைக்கும் மிதியடிக்கும் விதித்த ஆணை

பெய்யும் மழை பொய்யாதிருக்க. விளைந்த வயல் வாடாதிருக்க. விளையாடப் போனவர் அனைவரும் விளக்கேற்றும் வேளைக்கு நலமே வீடு திரும்புக.

தேனூற்று நாடாளும் தண்குடைப் பெருவேள் திருவாய்மொழிந்தபடி, அவர் அடிநிழலில் வாழும் மந்திரி கீரன் ஆதன் எழுதும் ஓலை. கருவேலங்கரைக் கூற்றம் காக்கும் தலைவர், குடிகளைத் தம் மக்கள்போல் பேணும் வெளியன் திதியனார் காண்க. உம்முடைய ஏரியும் கோயிலும் ஊரும் இறைவன் காவலில் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

நீர் விடுத்த ஓலையை அரசர் அவையில் படிக்கக் கேட்டார். அறுவடை ஓய்ந்தபின் உம்மூரார் ஆடும் மெல்லெறி ஆட்டம் வெற்றிக்காக ஏற்பட்டதன்று. பந்தை மேலே உயர்த்தி, பூவை எறிவதுபோல் மெல்ல எறிவது அதன் முறை. உழைத்துக் களைத்தவரும் ஒருமுறையேனும் அடித்து மகிழட்டும் என்றே முன்னோர் அவ்வாறு வகுத்தனர். ஆட்டத்துக்கு முன் ஒரு தெருவார் மட்டையை மறுதெருவார் கல்லில் தட்டிப் பார்ப்பதும், ஒருவர் மிதியடியின் அடியை மற்றவர் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதும் அங்கே வழக்கம்.

இம்முறை அவ்வழக்கம் கைவிடப்பட்டதே துயரத்தின் வாசல். தச்சன் கொற்றங்காரியின் தங்கையை, கோயிலுக்குப் பூத்தொடுக்கும் நல்லழிசியின் தம்பிக்குப் பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தம் கலந்தபின் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரின் செருப்பைத் தடவிப் பார்ப்பது முறையாகுமா என்று ஒருவர் கேட்டாராம். தடவினால் சீரில் ஒரு செருப்பு குறையும் என்று இன்னொருவர் கேலி செய்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். சோதனை நின்றது.

அன்று கொற்றங்காரியின் மட்டை உள்ளே குடையப்பட்டு, எடையற்ற நெட்டித் தக்கை அடைக்கப்பட்டு, வாய் அரக்கால் மூடப்பட்டிருந்தது. கனம் குறைந்தால் வீச்சு விரையும் என்பதைத் தச்சன் அறிவான். சேற்றில் வழுக்காதிருக்க மிதியடியில் இரும்பாணியும் அறைந்திருந்தான். முந்திய ஆண்டு அவன் அடித்த பந்து கோழிக்குஞ்சுபோல் காலடியிலேயே சுற்றியதென்று ஊரார் நகைத்தனராம். புதுச் சம்பந்திகள் முன் ஒரு பந்தையாவது ஏரிக்கரை தாண்ட அடிக்க வேண்டும் என்பதே அவன் ஆசை. சிறிய ஆசைதான். யாருக்குத்தான் அது இல்லை!

பந்து கரை தாண்டவில்லை. எறிந்து நின்ற நல்லழிசியின் கண்ணில் பாய்ந்தது. அவர் விழுந்ததும் மட்டையை வீசிவிட்டு முதலில் ஓடியவன் கொற்றங்காரியே. தூக்கி அணைக்க ஓடியவனின் மிதியடி ஆணி, மண்ணில் விரிந்து கிடந்த அவருடைய வலக்கையில் இறங்கியது. பகையால் வந்த காயமன்று அது. அன்பு ஓடிவந்த வழியில் வந்த காயம். கண் ஒன்று போயிற்று; பூத்தொடுத்த விரல்கள் இனி மடங்கா என்று மருத்துவர் கூறினார்.

ஆட்டத்தை ஒழிக்கவும் கொற்றங்காரியை நாடு கடத்தவும் நீர் ஆணை வேண்டினீர். உம் சினம் குடிகள்மேல் கொண்ட அன்பே என்பதை அரசர் அறிவார். ஆயினும் தீர்ப்புக்கு முன் நல்லழிசிக்கு என்ன வேண்டுமெனக் கேட்டுவர ஆள் விடுத்தார். சென்றவர் கண்டது இது.

விடியுமுன் கொற்றங்காரி நந்தவனத்தில் பூப்பறித்து வருகிறான். நல்லழிசி சொல்லச் சொல்ல, உளிபிடித்த கையால் கோணலாகத் தொடுக்கிறான். இனி மிதியடி தொடுவதில்லை என்று சூளுரைத்து, முள்ளடர்ந்த ஏரிக்கரை வழியே வெறுங்காலில் நடக்கிறான். ஒருநாள் தம் வாசலில் செவ்வரளி இதழ்கள் சிந்திக் கிடப்பதாக எண்ணிய நல்லழிசி, எஞ்சிய கண்ணால் குனிந்து பார்த்தபோது அவை இதழ்கள் அல்ல என்று அறிந்தார்.

நிலமோ பொன்னோ அவர் கேட்கவில்லை. தாம் பலமுறை சொல்லியும் அவன் கேளாதிருப்பதாகவும், அரசர் சொன்னால் கேட்பான் என்றும், அவன் காலில் ஒரு செருப்பை ஏறச் செய்வதே தமக்குச் செய்யும் நீதி என்றும் விண்ணப்பித்தார். அதைக் கேட்டு அரசர் கண்கலங்கினார். இறைவன் பேரறங்களை நம்மிடம் கேட்பது அரிது. ஒரு முள்ளை விலக்கும் கையையே அவன் நாள்தோறும் தேடுகிறான்.

ஆகவே ஆணையாவது. ஆட்டம் நிற்க வேண்டா. மட்டை ஒரே மரத்தால் ஆகுக. குடைதலும் அடைத்தலும் அரக்குப் பூசி மறைத்தலும் கூடா. மிதியடியின் அடி தோலோ நாரோ ஆகுக. இரும்பு எவ்வடிவிலும் ஆகாது. அறியாமல் ஆணியோடு வந்தவரை எள்ளாதீர். கோயிற் செலவில் வேறு மிதியடி கொடுத்து ஆடவிடுக. உறவென்றும் மரியாதையென்றும் சொல்லிச் சோதனையை விடுவோர் அவ்வாட்டத்தை இழப்பர். ஒருவரையொருவர் காப்பதினும் பெரிய மரியாதை இல்லை. கொற்றங்காரி நாட்டிலேயே இருந்து, நல்லழிசி போதுமென்னும் வரை பூத்தொடுக்கட்டும்.

இவ்வோலையோடு ஆணியில்லாத தோல் மிதியடி ஓரிணை வருகிறது. அதன் அடியை முதலில் நல்லழிசி தடவிப் பார்க்கட்டும். வலக்கையில் உணர்வு இல்லையாதலால் இடக்கையால் தடவுவது குறையாகாது. பின்பு அவரே அதைக் கொடுக்க, ஊரார் காண, கொற்றங்காரி மிதியடி அணிக.

மறுக்க அவனுக்கு உரிமை இல்லை. இது அரசாணை.

தண்குடை முத்திரை இட்டது.