முக்காட்டுக்குள் பார்த்த படம்

நேற்று என் பையன் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்பக்கக் கதவுக்குப் போனான். "எத்தினி நாளா கத்துதும்மா இது. ரெண்டு சொட்டு விட்டா சரியாயிடும்." "வேணாம் விடு, கத்திட்டுப் போவட்டும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். காரணத்தை அவனிடம் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம், உன்னால் வந்ததுதானே.

வேங்கிக்கால் ஆபீசில் நம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. இரண்டாம் சனிக்கிழமை லீவு வந்தால் பஸ் ஸ்டாண்டுத் தியேட்டரில் மேட்னி. பழைய பேய்ப்படம் போட்டிருந்தால் உன்னைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் உன்னைப்போலப் பேய்க்குப் பயந்தவளையும் நான் பார்த்ததில்லை. எழுத்துப் போடும்போதே முக்காட்டை மோவாய் வரை இழுத்துவிடுவாய். இடைவேளையில் முறுக்கு தின்ன மட்டும் முகம் வெளியே வரும். "இதுக்கு ரேடியோ கேட்டிருக்கலாமேடி" என்று கிண்டல் செய்வேன். "நீ பாக்குறது அவங்க எடுத்த பேய். கண்ண மூடிக்கிட்டா எனக்கு வர்றது என் பேய். அதான் ஜாஸ்தி பயம்" என்பாய்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நாம் எத்தனை தடவை போய்ப் பார்த்திருப்போம்! ஒரு காட்டு பங்களா, பின்னால் கிணறு, அதில் விழுந்து செத்துப்போனவள். ஆளே இல்லாமல் கிணற்று ராட்டினம் தானாகச் சுற்றும். கிறீச், கிறீச் என்று அந்தச் சத்தம்தான் படத்தின் உயிர். ஒரு தடவை படம் விட்டு வெளியே வந்தால் பௌர்ணமி நாள், நல்ல வெயில், தெரு கொள்ளாமல் கிரிவலக் கூட்டம். நீ என் கையை விடவில்லை.

"வூடு வரைக்கும் கூட வாடி."

"இத்தினி ஜனம் போவுது, எந்தப் பேய்டி வரும்?"

"ஜனத்தோட ஜனமா வந்துட்டா?"

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே உன்னை வாசலில் கொண்டுபோய் விட்டேன்.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உன் பெண் சென்னையிலிருந்து வந்தாள். இன்னும் உன்னை அம்மி என்றுதான் சொல்கிறாள். "சின்ன வயசுல அம்மி சொல்லிச் சொல்லி என்னை நடுங்க வெப்பாங்களே ஆண்ட்டி, அந்தக் கிணத்துப் படம், அது நெட்ல கிடைச்சிருக்கு. உங்களோட உக்காந்து பாக்கணும்னு வந்தேன்." சாப்பாடு முடிந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவியில் போட்டோம்.

வருத்தப்படாதே, அவள் சிரித்தாள். தியேட்டரில் தெரியாததெல்லாம் இந்த டிவியில் தெரிந்தது. பங்களா அட்டையில் செய்தது. வௌவாலைக் கட்டிய கயிறு பளிச்சென்று தொங்குகிறது. பேயின் சவுரி நெற்றியில் நழுவியிருக்கிறது. "இதுக்கா ஆண்ட்டி அம்மி அப்படிப் பயந்தாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. படத்தைப் பார்த்துச் சிரித்தால் போகட்டும். அவள் மனசில் நீ ஒரு அசட்டுப் பயந்தாங்கொள்ளியாக நின்றுவிடக் கூடாதே என்று பதறினேன்.

"உங்கம்மா இந்தப் படத்தப் பாத்ததே இல்ல. காதாலதான் கேட்டா. நீயும் அப்படிக் கேளு." அவளுடைய துப்பட்டாவை எடுத்து அவள் முகத்தில் போட்டேன். அந்த வேகத்தில் என் முந்தானையையும் இழுத்து மூடிக்கொண்டேன். இத்தனை வயசில் முதல் தடவை.

அடியே, என்ன படம் அது! அட்டை பங்களா இருந்த இடம் தெரியவில்லை. காற்று வருகிறது. ஒரு நாய் குரைத்துப் பாதியில் நிறுத்துகிறது. அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமையை எவ்வளவு நேரம் துணிந்து அப்படியே விட்டிருக்கிறார்கள்! இப்போது வருகிற படங்களில் நிமிஷத்துக்கு ஒரு தடவை காதைக் கிழிக்கிறார்கள். தூக்கிவாரிப் போடுகிறது, வெளியே வந்தால் மறந்துபோகிறது. இவர்கள் நம்மைக் காக்க வைத்தார்கள். அட்டையும் சவுரியும் பழசாகிவிட்டன, அந்தக் காத்திருப்பு இன்றைக்கும் வேலை செய்கிறது. ராட்டினம் கிறீச்சிட்டபோது உன் பெண் என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன. படம் முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை. "அம்மி சொன்னது இதுதான் ஆண்ட்டி" என்றாள். துப்பட்டா நனைந்திருந்தது.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் யாருமில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போக வேண்டும். வெயில்கூட இன்னும் இறங்கவில்லை. என்னால் போக முடியவில்லை. எந்தப் பேய்க்கும் அசையாதவள் என்று ஆபீஸ் முழுக்கப் பேர் எடுத்தவள், அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். கூட வாடி என்று கூப்பிட ஆளில்லை.

அப்போது காற்றில் பின்பக்கக் கதவு கிறீச்சிட்டது. அதே ராட்டினச் சத்தம். முதுகு சிலிர்த்தது. நீயாக இருக்குமோ என்று நினைத்தேன். நீயாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உடனே நினைத்தேன். பயம் போய்விட்டது.

"வாடி, கூட வா" என்று சொல்லிவிட்டுப் போய்த் துணியை எடுத்து வந்தேன்.