வீடு விட்டாச்சு

பேர்லேண்ட், டெக்சாஸ்
8 மார்ச் 1987

அன்புள்ள ஞானமணிக்கு விசாலாக்ஷி எழுதுவது.

நானும் அவரும் காமாக்ஷியும் சௌக்கியம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? ஹெட்மிஸ்ட்ரஸ் ஆன பிறகும் மாடி வகுப்புக்கெல்லாம் நீயே ஏறி இறங்குகிறாய் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் உட்கார்ந்து வேலை பார்க்கப் பழகிக்கொள்.

உன் பெண் ஜெயசீலிக்கு ஹூஸ்டனில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்ததில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். ஆனால் ஒரு சங்கதியைச் சொல்லாமல் அவளை இங்கே வரவழைப்பது நியாயமில்லை. அவளும் இங்கே வந்து என்றைக்காவது கோவிலுக்குப் போனால் யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லவேண்டும். ஏரோகிராமில் அடங்காது என்பதால் தாளில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நாங்கள் முதலில் வாங்கிய சின்ன வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பெரிய வீட்டுக்கு மாறிய பிறகு அதை வாடகைக்கு விட்டிருந்தோம். எண்ணெய் விலை விழுந்ததில் ஹூஸ்டனே படுத்துவிட்டது. குடியிருந்தவருக்கு வேலை போய், குடும்பத்தோடு ஒஹையோவுக்குக் கிளம்பிவிட்டார். அதன் பிறகு வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வாசலில் 'வாடகைக்கு' என்று போர்டு நட்டுவைத்து, சனிக்கிழமை தோறும் அவரே போய்ப் புல் வெட்டிவிட்டு வருவார். அவர் கம்பெனியிலும் வாராவாரம் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது குடிவந்தால் போதும் என்று இருந்தது.

போன வருஷம் ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு அம்மாள் வந்தாள். பெயர் மிஸஸ் பெர்க்கின்ஸ். பக்கத்து ஸ்கூலில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். இடுப்பு எலும்பு முறிந்த தாயாரைத் தன்னோடு வைத்துக்கொள்ள, படி இல்லாத வீடாகத் தேடிக்கொண்டிருந்தாள். நான்தான் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நான் செருப்பைக் கழற்றியதைப் பார்த்து அவளும் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்டினேன். தாயாரின் கட்டில் அந்த அறையில் கொள்ளுமா என்று கேட்டாள். டேப் இல்லை. இருவரும் குனிந்து சாணால் அளந்தோம். என் சாண் சின்னது, அவள் சாண் பெரியது. கணக்குக் குழம்பி இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, ஞானமணி. உன்னைப் போலவே சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டாள். நாளைக்கே அட்வான்ஸ் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கறுப்பு இனத்தைச் சேர்ந்தவள்.

அவர் வந்ததும் சொன்னேன். டீச்சர், தாயாரோடு இருக்கப்போகிறாள், நல்ல மாதிரி என்றெல்லாம் சொன்னேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "வெள்ளைக்காரியா?" என்பதுதான். நான் இல்லை என்றதும் டையைத் தளர்த்திக்கொண்டே, "வேண்டாம். வேற யாரோ எடுத்துண்டுட்டான்னு போன்ல சொல்லிடு. போர்டை எடுக்காதே, நம்மவா யாரானும் வருவா," என்றார். ஏன் என்று கேட்டேன். "ஏன்னு உனக்குத் தெரியாதா? பக்கத்தாத்துக்காரன் என்ன சொல்லுவான்? நாளைக்கு விக்கணும்னா என்ன வெலைக்குப் போகும்?" என்றார்.

எனக்குத் தெரியும். தெரியாது என்று உனக்கு எழுதினால் அது இன்னொரு பொய்.

மறுநாள் காலை போன் பண்ணினேன். வீட்டை வேறொருவருக்கு விட்டாயிற்று, மன்னிக்கவேண்டும் என்றேன். அவள், சொன்னதற்கு நன்றி என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள். ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காமாக்ஷி என் முகத்தையே பார்த்தாள். "பட் அம்மா, தி சைன் இஸ் ஸ்டில் தேர்," என்றாள். பஸ் வந்துவிடும், கிளம்பு என்றேன்.

நீ மாற்றலாகி விருதுநகர் போனபோது வீடு தேடி அலைந்ததை ஒருமுறை என்னிடம் சொன்னாய், நினைவிருக்கிறதா? எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டு உள்ளே போவார்கள், திரும்பி வந்து "வீடு விட்டாச்சு, டீச்சர்" என்பார்கள், தலைக்கு மேலே போர்டு ஆடிக்கொண்டிருக்கும் என்றாய். எனக்கு அழுகை வந்தது. நீதான் என்னைச் சமாதானப்படுத்தினாய். அந்த வார்த்தையைத்தான் நான் போனில் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறேன். சொன்னபோது உன் நினைவு வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேனா என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நிச்சயமான பதில் கிடைக்கவில்லை.

மிஸஸ் பெர்க்கின்ஸ் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் ஸ்கூலுக்குப் போகிறாள். போர்டு அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறாள். இங்கே வீட்டு விஷயத்தில் இன வித்தியாசம் காட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்க ஒரு சங்கம் இருக்கிறது. அவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த வாரக் கடைசியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். வீடு இன்னும் காலியா என்று கேட்டார்கள். காலிதான், எப்போது வேண்டுமானாலும் குடிவரலாம் என்றேன். அவர்கள் அந்தச் சங்கம் அனுப்பிய ஆட்கள்.

ஜூனில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அவர் வக்கீல் ஆபீசிலேயே கத்தினார். "என் வீடு! யாருக்கு விடறதுன்னு நான் தீர்மானிக்கப்படாதா? இது ஃப்ரீ கன்ட்ரி இல்லையா?" என்றார். வக்கீல் ஒரு வயதான டெக்சாஸ்காரர். 1968-இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தில், ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்துக்கொண்டு தரகர் இல்லாமல் விடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு என்றார். என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அடிமைத்தனத்தை ஒழித்த கையோடு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் போட்ட இன்னொரு சட்டம் இருக்கிறது, வெள்ளையருக்கு உள்ள சொத்துரிமை எல்லாருக்கும் உண்டு என்கிற சட்டம், அதில் யாருக்கும் விலக்கு இல்லை, இந்த வழக்கு அதன் கீழேதான் போட்டிருக்கிறது என்றார் வக்கீல். அடிமைத்தனத்தை ஒழித்த, இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் பதிமூன்றாவது திருத்தத்திலிருந்து வந்த சட்டம் அது.

அந்தத் திருத்தம் எனக்குத் தெரியும். சிட்டிசன்ஷிப் பரீட்சைக்கு ரசம் கொதிக்கும்போதெல்லாம் உருப்போட்டதுதான். பரீட்சை வைத்த அதிகாரி கேட்டபோது டக்கென்று சொல்லி, வெரி குட் என்று பெயரும் வாங்கினேன்.

கோர்ட்டுக்குப் போகும் முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் நம்மைக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார். அதற்கு டெபொசிஷன் என்று பெயர். என் முறை வருவதற்கு முந்தின நாள் அவர் சமையலறைக்கு வந்து, சந்தானத்திடம் பேசிவிட்டதாகச் சொன்னார். சந்தானம் கோவில் கமிட்டியில் அவரோடு இருப்பவர், எங்கள் குடும்ப நண்பர். தன் மச்சினனுக்காக அந்த வீட்டை முன்னாலேயே கேட்டுவைத்திருந்ததாகச் சந்தானம் சொல்லத் தயாராம். "நீயும் அதையே சொல்லணும். வக்கீலுக்குக்கூடத் தெரிய வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை, விசாலம். நம்ம பேர் என்ன ஆறது, யோசி," என்றார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சரி என்றேன்.

நீள மேஜை. ஒரு பக்கம் நாங்கள். எதிரே மிஸஸ் பெர்க்கின்ஸும் அவள் வக்கீலும். நடுவில் ஒரு பெண் எங்கள் ஒவ்வொரு வார்த்தையையும் மெஷினில் அடித்துக்கொண்டிருந்தாள். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். வீட்டை வேறொருவருக்குப் பேசி முடித்திருந்தீர்களா என்று அவள் வக்கீல் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்ததாகப் பெயரைக் கேட்பார், சந்தானத்தைச் சொல்லவேண்டும், அவரையும் இதே நாற்காலியில் உட்காரவைப்பார்கள், பொய் என்று தெரிந்தால் ஜெயில் என்று எல்லாம் சேர்ந்து கண் முன்னால் வந்தது. "இல்லை. யாரும் இல்லை," என்றேன். அப்படியானால் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றார். என் கணவர் சொல்லச் சொன்னார் என்றேன். அவள் கறுப்பு என்பதாலா என்றார். ஆமாம் என்றேன்.

தைரியமாக உண்மை பேசினேன் என்று நினைத்துவிடாதே. பயத்தில்தான் பேசினேன். சிலர் என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்கள். அதைக் கேட்கும்போது இன்னும் கூசுகிறது.

திரும்பி வந்ததும் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "என்னை மட்டும் காட்டிக் குடுத்துட்டு நீ தப்பிச்சுண்டுட்டே," என்றார். அதில் கொஞ்சம் நிஜம் இருக்கிறது, ஞானமணி. போன் பண்ணியது என் வாய்தானே. என் கணவர் சொன்னார் என்று அந்த மேஜையில் சொன்னபோது, எனக்கு அதில் பங்கே இல்லாதது போலத்தான் சொன்னேன்.

வழக்கு விசாரணைக்குப் போகாமல் ஜனவரியில் சமரசமாக முடிந்தது. நஷ்ட ஈடு கொடுத்தோம். வீட்டை அவளுக்கே வாடகைக்கு விடுவதாகவும் எழுதிக் கொடுத்தோம். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். கையெழுத்துப் போட்ட அன்று தாழ்வாரத்தில் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "ஒன்றே ஒன்று தெரியவேண்டும். நாம் இருவரும் கட்டிலுக்கு இடம் அளந்தோமே, அப்போதே எனக்குத் தருவதில்லை என்று முடிவு செய்திருந்தீர்களா?" என்று கேட்டாள். சத்தியமாக இல்லை, எனக்கு உங்களைப் பிடித்திருந்தது என்றேன். ஏதோ ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "என்னைப் பிடிக்காதவர்களை எனக்குப் பழக்கம். அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று என் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிடித்த பிறகும் இப்படிச் செய்கிறவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை," என்றாள். பிறகு லிஃப்டில் ஏறிப் போய்விட்டாள்.

கோவிலுக்குப் போனால் எல்லாரும் எங்களிடம்தான் துக்கம் விசாரிக்கிறார்கள். "பாவம், மாட்டிண்டுட்டேளே!" என்கிறாள் சந்தானத்தின் மனைவி ஷ்யாமளா. போர்டை அன்றைக்கே பிடுங்கியிருக்கவேண்டும் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். யாரும் அந்த டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வருகிறேன்.

காமாக்ஷி என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் காரில் வரும்போது, "ஆர் வீ தட் கைண்ட் ஆஃப் பீப்பிள், அம்மா?" என்று கேட்டாள். நாம் அந்த மாதிரி மனுஷாளா என்று. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

இனிமேல்தான் உனக்கு எழுதவேண்டியது இருக்கிறது.

இதெல்லாம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜெயசீலி முதல் வருஷம் எங்களோடு தங்கலாமா என்று கேட்டு உன் கடிதம் வந்தது. "அமெரிக்காவில் யாரும் எந்தத் தெரு என்று கேட்கமாட்டார்களாமே, அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதாமே, என் பெண்ணாவது நிம்மதியாக இருக்கட்டும்," என்று எழுதியிருந்தாய். அவரிடம் படித்துக் காட்டினேன். "ஹாஸ்டல்ல விடச் சொல்லு. நம்மாத்துல சரிப்படாது," என்றார். இந்தத் தடவை நான் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீடு யுனிவர்சிட்டிக்கு வெகு தூரம், பஸ் கிடையாது, ஹாஸ்டல்தான் சௌகரியம் என்று உனக்கு எழுதினேன். தூரம் உண்மை. பஸ் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்காக நான் அப்படி எழுதவில்லை.

நீ உடனே பதில் போட்டாய். "பரவாயில்லை விசாலம், தூரம் என்றால் என்ன செய்வது, நீ சங்கடப்படாதே," என்று. அந்தப் 'பரவாயில்லை' உனக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நீ புரிந்துகொண்டுவிட்டாய். புரிந்துகொண்டு எனக்குச் சமாதானமும் சொல்லியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை என்னால் வீட்டில் எங்கும் வைக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம், ஜெயசீலி நம் வீட்டில்தான் இருப்பாள் என்று சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இந்தச் சனிக்கிழமை மாடி அறையில் இருந்த தன் பழைய புஸ்தகப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி கராஜில் அடுக்கினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மனம் மாறிவிட்டார் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அவள் முகம் கோணாமல் நான் பார்த்துக்கொள்வேன் என்று மட்டும் சொல்ல முடியும். அதையும் நீ நம்பவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

இந்தக் கடிதத்தை ஜெயசீலியிடமே படிக்கக் கொடு. எதையும் மறைக்காதே. படித்துவிட்டு, 'வருகிறேன்' என்று சொன்னால் அந்த மாடி அறை அவளுடையது, காலேஜுக்கு நான் தினமும் கார் ஓட்டிக்கொண்டு போய் விடுகிறேன். வேண்டாம் என்றால் அவள் சொல்வதுதான் சரி, நீ அவளை வற்புறுத்தாதே. எது எப்படியானாலும் அவள் வரும் தேதியும் ப்ளைட் நம்பரும் எழுது. ஏர்போர்ட்டில் நான் நிற்பேன். எங்கே போகவேண்டும் என்கிறாளோ, அங்கே கொண்டு விடுகிறேன்.

குழந்தை சுகமாக வந்து சேரவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீயும் எங்களுக்காக ஜெபம் செய், ஞானமணி. முடிந்தால்.

என்றும் உன்,
விசாலம்